ஷேப்பர் ஷெட்டில் ரத்தம்

செல்போன் அலறியது!

கோதண்டராமன் உடனே எடுக்கவில்லை. சோப்பும் கையுமாக பாத்ரூம் கண்ணாடி முன் நின்றபடி மணியை எண்ணினார். ஐந்தாவது மணியில் எடுத்தால்தான் இயல்பாக இருக்கும்.

நான்கு... ஐந்து...

"ஹலோ?"

"கோதண்டம் சார்! நான் சிந்தியா பேசுறேன்... டென்சில் வொய்ஃப்..." மறுமுனையில் குரல் உடைந்தது. "டென்சில் ஷெட்ல விழுந்து கெடந்தாரு சார்! சர்ச்ல பூசை முடிஞ்சு வந்து பாக்குறேன்... தலையெல்லாம் ரத்தம்!"

"ஐயையோ! என்ன மேடம் சொல்றீங்க?"

அந்த ஐயையோவை வழியெல்லாம், சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் அரை மணி நேரம் நின்றபோதும், ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தார். நன்றாகவே வந்தது.

"எப்ப மேடம்... எப்ப போனாரு?"

"போனாரா? ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார்! உசுரு இருக்கு. ஐ.சி.யூ.ல வெச்சிருக்காங்க!"

சோப்பு நழுவித் தரையில் விழுந்தது.

டென்சில் சாகவில்லை!

ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் ரிச்சர்ட்ஸ் டவுனில் நடந்ததை உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? டென்சிலின் மண்டையில் போட்டது கோதண்டராமன்தான்.

ஏன்?

பொறாமை. சுத்தமான, கலப்படமே இல்லாத பொறாமை.

கோதண்டராமன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒன்பதாவது மாடி ஃப்ளாட். பொழுதுபோக்கு, இரும்பு கடைவது. பால்கனியில் துணி காயும் கொடிக்குக் கீழே, தையல் மெஷின் அளவில் ஒரு குட்டி லேத் வைத்திருந்தார். அதை ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் இவருக்கு 'பால்கனி பட்டறை' என்று பெயர்.

டென்சிலுக்கோ பாட்டன் காலத்துத் தனி வீடு. பின்பக்கம் கார் ஷெட். கார் வெளியே வெயிலில் காயும். உள்ளே ஒரு பெரிய லேத், ஒரு மில்லிங் மெஷின், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஷேப்பர்! அதன் தலை முன்னும் பின்னும் போய்வர, அதில் மாட்டிய ஒற்றை உளி இரும்பை வாழைத்தண்டு சீவுவதுபோல் சீவித் தள்ளும். கோதண்டராமன் முதல்முறை அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியபோது சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு உண்டு. நானூறு பேர். டென்சில் பெயரில் ஒரு படம் வந்தால், அது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வெறும் வைஸாக இருந்தாலும், முந்நூறு ஹார்ட் விழும். கோதண்டராமன் படத்துக்குப் பதினொன்று. அதிலும் ஒன்று அவர் மனைவி மரகதம் போட்டது.

நேற்று குழுவின் வருடாந்தரப் போட்டிக்கு ரிசல்ட். டென்சிலின் நீராவி எஞ்சினுக்கு முதல் பரிசு. கோதண்டராமனின் எஞ்சினுக்கு இரண்டாவது.

நான்காவது வருடமாக இரண்டாவது!

அதோடு விட்டாரா டென்சில்? போன் போட்டு ஆறுதல் வேறு சொன்னார். "விடுங்க கோதண்டம்! உங்களுதும் நல்லாதான் இருந்துச்சு."

நல்லாத்தானாம்!

கோதண்டராமனுக்கு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. மரகதம் வளைகாப்புக்காக அரக்கோணம் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை. காலையில் போனைக்கூட எடுக்காமல் பைக்கை எடுத்தார். நேருக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

ஷெட் திறந்திருந்தது. ஷேப்பர் ஓடிக்கொண்டிருந்தது. டென்சில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சீட்டியடித்துக்கொண்டிருந்தார்!

அந்தச் சந்தோஷத்தைத்தான் கோதண்டராமனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூலையில் சாய்த்திருந்த இரும்பு ராடு எப்படிக் கைக்கு வந்ததென்று அவருக்கே தெரியாது.

ஒரே அடி!

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. ராடைத் துடைத்து அதே மூலையில் வைத்தார். மெஷின் இடித்து விழுந்த மாதிரி டென்சிலை இழுத்து ஷேப்பருக்கு முன்னால் போட்டார். ஸ்விட்சை அணைத்தார். கிளம்பும்போது ஷேப்பரில் மாட்டியிருந்த கட்டையைக் குனிந்து பார்த்தார். பார்க்காமல் எப்படிப் போவது? டென்சில் கைவேலை ஆயிற்றே!

வார்ப்பிரும்புக் கட்டை.

அதன் ஓரம் முழுக்கப் பொரிந்து உதிர்ந்திருந்தது!

நான்கு வருடத்தில் முதல்முறையாகக் கோதண்டராமனுக்கு வயிறு குளிர்ந்தது. டென்சிலுக்கும் தப்பு வருமா! அதுவும் இப்படி ஒரு கற்றுக்குட்டித் தப்பு! நானூறு பேருக்கும் தண்டோரா போட வேண்டிய சேதி. ஆனால் ஒருத்தரிடமும் மூச்சுவிட முடியாது...

இப்போது பாத்ரூமில் சோப்பைத் தேடியபடி மறுபடி யோசித்தார். பின்னாலிருந்து அடித்ததால் டென்சில் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷின் சத்தத்தில் காலடியும் கேட்டிருக்காது. தெருவில் யாராவது பார்த்திருந்தாலும் ஹெல்மெட்டைத்தான் பார்த்திருப்பார்கள். ஆக, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். தப்பித்துவிடலாம்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி போன். கன்னடம் கலந்த தமிழ்.

"சார், சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீஹர்ஷா. இந்த ஷேப்பர் பத்தி எங்களுக்கு ஒண்ணும் கொத்தில்லை. தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டா, சிந்தியா மேடம் உங்க பேர் சொன்னாங்க. ரிச்சர்ட்ஸ் டவுன் வரைக்கும் ஸ்வல்ப வந்துட்டுப் போறீங்களா?"

"கண்டிப்பா சார். டென்சில் எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி!"

டென்சில் வீட்டு ஹாலில் இன்ஸ்பெக்டர் சௌம்யா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, நிதானமான முகம். பக்கத்தில் ஸ்ரீஹர்ஷா நின்றார். எதிரே மேஜையில் துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று. ஜன்னல் வழியே ஷெட் தெரிந்தது. கதவில் போலீஸ் பூட்டு.

"வாங்க சார், உக்காருங்க. ஷெட்டுக்குக் கடைசியா எப்ப வந்தீங்க?"

"மூணு மாசம் இருக்கும் மேடம்."

"இன்னைக்குக் காலையில?"

"சார் கூப்பிடற வரைக்கும் நான் வீட்டை விட்டே கெளம்பலையே!"

"சரி. எப்படி அடிபட்டிருக்கும்னு நெனைக்கறீங்க?"

"ஷேப்பர்ல இது சகஜம் மேடம்." கோதண்டராமன் குரலில் சோகத்தைச் சரியான அளவில் கலந்தார். "வேலை எப்படி வருதுன்னு குனிஞ்சு பாத்திருப்பார். மெஷின் தலை முன்னால வந்து ஒரே போடு. பல தடவை சொல்லியிருக்கேன், கேக்கலை..."

"ஹௌதா? அப்ப ஆக்ஸிடென்ட்னே எழுதிடறேன்."

அப்பாடா! கோதண்டராமன் பாதி எழுந்துவிட்டார்.

"இருங்க சார், டீ வருது." சௌம்யா துணி மூடிய பொருளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பாவம் சார். எப்பேர்ப்பட்ட கலைஞன்!"

பாதி எழுந்தவர் உட்கார்ந்தார். "கலைஞன்லாம் பெரிய வார்த்தை மேடம். சும்மா பொழுதுபோக்குக்குப் பண்றதுதான்."

"என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க! அந்த எஞ்சினைப் பாத்தேன். எங்கப்பா முப்பது வருஷம் ஃபேக்டரியில டர்னர். அவரே இப்படி ஒரு ஃபினிஷ் பாத்திருக்க மாட்டார்."

"நல்ல வெளிச்சத்துல வெச்சா எல்லாமே பளபளன்னுதான் தெரியும்..."

"நீங்களும் இதெல்லாம் பண்ணுவீங்களாமே? ரெண்டாவதா வந்தீங்களாமே?"

கோதண்டராமன் டீயை வேகமாக உறிஞ்சி நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

'வாயைத் திறக்காதே கோதண்டம்...'

"இதுதான் இன்னைக்குக் காலையில டென்சில் பண்ணிட்டிருந்த வேலை." சௌம்யா துணியை மெல்லத் தட்டினார். "சும்மா சொல்லக் கூடாது சார். கடவுள் குடுத்த கை! ஒரு குறை சொல்ல முடியுமா? ஸ்ரீஹர்ஷா, நீங்களும் பாத்தீங்களே?"

"நூத்துக்கு நூறு மேடம்! மியூசியத்துல வெக்கலாம்!"

கோதண்டராமனின் நெற்றியில் ஒரு நரம்பு புடைத்தது. கண்ணுக்குள் அந்த உதிர்ந்த ஓரம் வந்து வந்து போனது. நூற்றுக்கு நூறாம்! இவர்களுக்குக் கண் இருக்கிறதா? பல்லைக் கடித்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார்.

ஸ்ரீஹர்ஷா அப்பாவியாகத் திரும்பினார். "கோதண்டராமன் சார்கூட இதைப் பாத்துக் கத்துக்கலாம் மேடம். இல்லையா சார்?"

அவ்வளவுதான்!

"எதைக் கத்துக்கறது?" கோதண்டராமன் துள்ளி எழுந்தார். டீ மேஜையெல்லாம் சிந்தியது. "இதுவா மியூசியம்? ஓரமெல்லாம் பொரிஞ்சு உதிர்ந்து கெடக்கு! காஸ்ட் அயர்ன்ல உளி வெளிய வர்ற ஓரத்தை முதல்ல அரத்தால சரிச்சு விடணும் மேடம். இல்லைன்னா உதிரத்தான் செய்யும். ஐ.டி.ஐ. ஃபர்ஸ்ட் இயர்லயே சொல்லிக் குடுப்பாங்க. அதுகூடத் தெரியலை இந்தாளுக்கு! இவருக்கு ஃபர்ஸ்ட் பிரைஸாம்! கடவுள் கையாம்!"



கோதண்டராமனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் என்ன ஒரு நிம்மதி! சொல்லிவிட்டார்...

சௌம்யா மெதுவாகத் துணியை விலக்கினார்.

வார்ப்பிரும்புக் கட்டை. ஓரம் முழுக்க உதிர்ந்திருந்தது.

"கரெக்டா சொன்னீங்க சார். எட்டரை மணிக்குச் சிந்தியா மேடம் சர்ச்சுக்குக் கெளம்பினதுக்கு அப்புறம் மெஷின்ல ஏறின கட்டை இது. மெஷின்லேர்ந்து கழட்டினதும் நான் துணி போட்டு மூடிட்டேன். வீட்டை விட்டே கெளம்பாத நீங்க, எலெக்ட்ரானிக் சிட்டியிலேர்ந்து எப்படிப் பாத்தீங்க?"

"அது... ஃபேஸ்புக்ல... போட்டோ..."

"யாரும் போடலை."

"ஒரு... யூகம்தான் மேடம்..."

"யூகமா! சரி, இன்னொண்ணையும் யூகிங்க. மண்டை ஒடைஞ்சு விழுந்த மனுஷன், எழுந்து வந்து ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு மறுபடி போய்ப் படுத்துக்குவாரா?"

கோதண்டராமன் தன்னையே கேட்டுக்கொண்டார். ஸ்விட்சை அணைத்தது எதற்கு? எதற்குமில்லை. ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. எந்தப் பட்டறைக்காரனுக்கும் வராது.

"அதனால அடிச்சவன் மெஷின் பழக்கம் உள்ளவன். இதைக் கண்டுபிடிச்சது நான் இல்லை சார். அவங்க!"

உள்ளறையின் திரை விலகியது. ரத்தக் கறை காய்ந்த புடவையோடு சிந்தியா வந்து நின்றார்.

"மேடம்... நீங்க ஹாஸ்பிடல்ல..."

"டென்சிலுக்கு நெனவு வந்துடுச்சு. என் தங்கச்சி ஐரின் பக்கத்துல இருக்கா." சிந்தியாவின் குரலில் காலையில் இருந்த நடுக்கம் இல்லை. "நீங்க போன்ல 'எப்ப போனாரு'ன்னு கேட்டீங்க பாருங்க... அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. அவர் முன்னாடி டென்சிலைப் புகழ்ந்து பேசுங்க, பத்து நிமிஷம் தாங்க மாட்டாருன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட நான்தான் சொன்னேன்."

"ஏழு நிமிஷம்," என்றார் ஸ்ரீஹர்ஷா, வாட்ச்சைப் பார்த்து.

கோதண்டராமன் உடைந்தார்.

"ஆமா! அடிச்சேன்! நாலு வருஷம் மேடம்! வயித்தெரிச்சல்ல வெந்துட்டேன்! அந்த எஞ்சின், அந்த வைஸ்... எது பண்ணாலும் டென்சில், டென்சில்! அந்தக் கையைப் பாக்கப் பாக்க..."

"எந்தக் கையை?" என்றார் சிந்தியா.

"டென்சில் கையை..."

"டென்சிலுக்குச் செவுத்துல நேரா ஒரு ஆணி அடிக்கத் தெரியாது சார்."

"என்ன?"

"அந்த எஞ்சின் நான் பண்ணது. வைஸ் நான் பண்ணது. நாலு வருஷமா ஜெயிச்சது அத்தனையும் நான் பண்ணது. டென்சில் போட்டோ எடுப்பாரு. அதை மட்டும் நல்லா எடுப்பாரு."

"நீங்க... நீங்க டீச்சர்தானே?"

"டீச்சர்தான். பாலிடெக்னிக்ல இருபத்தெட்டு வருஷம் மெஷின் ஷாப் டீச்சர். எத்தனை தடவை வந்து நான் போட்ட காபியைக் குடிச்சிருப்பீங்க! என்ன டீச்சர்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கோதண்டராமன் இல்லையென்று தலையாட்டினார்.

"அப்ப எதுக்கு... அவர் பேர்ல..."

"முதல்ல என் பேர்லதான் போட்டேன். 'மேடம், ஹஸ்பண்ட் ஹெல்ப் பண்ணாரா'ன்னு நாப்பது பேர் கேட்டாங்க. அந்த நாப்பதுல நீங்களும் ஒருத்தர். சரி, அவர் பேரே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." சிந்தியா கட்டையின் உதிர்ந்த ஓரத்தை விரலால் தடவினார். கண் கலங்கியது. "இது ஒண்ணுதான் டென்சில் சொந்தமாப் பண்ணது. அவருக்கும் என்மேல கொஞ்சம் பொறாமை சார். நான் பூசைக்குப் போன நேரத்துல, ஒரு கட்டையாவது தானா சீவிப் பாக்கணும்னு ஆசைப்பட்டுட்டாரு."

கோதண்டராமன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நானூறு பேர் கொண்ட குழுவில், இரும்பு சீவவே தெரியாத ஒரே மனிதரை, பைக் எடுத்துக்கொண்டு தேடிப்போய் அடித்திருக்கிறார்!

ஸ்ரீஹர்ஷா கைவிலங்கோடு குனிந்தார்.

"சார்... மரகதம் அரக்கோணத்துலேர்ந்து திரும்பி வந்தா..." கோதண்டராமன் விசும்பினார். "தனியா... ஜெயிலுக்கெல்லாம் எப்படி சார் வந்து பாப்பா?"

"அய்யோ, அதுக்கா அழறீங்க?" ஸ்ரீஹர்ஷா அன்பாக அவர் தோளைத் தட்டினார். "பரப்பன அக்ரஹாரா ஜெயில் உங்க ஃப்ளாட்டுக்குப் பக்கத்துலதானே இருக்கு! தினம் வரலாம் சார்... நடுவுல சில்க் போர்டு சிக்னல்கூடக் கிடையாது!"