திரைக்குப் பின்னால் செம்பருந்து

"நான் என்ன கேக்குறேன்னா, ஞாயித்துக்கிழமை நீங்க..."

"தாப்பாவுக்குப் போனேன்னு எத்தன வாட்டிடி..."

"...தாப்பாவுக்குப் போன மனுசன் சட்டப் பையில ஈப்போ பஸ் டிக்கெட்டு எப்படி வந்துச்சு?"

"மெதுவா பேசு முத்தம்மா. பக்கத்து வீட்டுக்குக் கேக்குது."

"கேக்கட்டும்லா. யாரு அவ? அத மட்டும் சொல்லுங்க."

உடையப்பன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர். நடந்து வந்தால் தொழிலாளர் லயத்தில் சீட்டாடுகிறவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் மனைவி கேட்ட ஒரு கேள்விக்குப் பயந்து ஜன்னல் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"பெரிய வாத்தியாரு வீடு இதானே? இன்ஸ்பெக்டர் கோயிலுக்கு வரச் சொன்னாரு."

முத்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கிராணிய அடிச்சது நீங்கதானா? ஐயோ, அதுக்கு அந்தப் பொம்பளையே பரவால்லையே!"

*

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ரத்தக் கறை இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கேதான் தோட்ட ஆபீஸ் கணக்கரான கிராணி பிச்சைமுத்து மண்டை உடைந்து கிடந்தார். இப்போது தாப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் படுத்திருக்கிறார். பிழைப்பாரா? டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

தோட்டமே மண்டபத்தில் கூடியிருந்தது. பூட்ஸையும் காலுறையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத் தூணோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர் ஜெயபாலன். பக்கத்தில் அவருடைய போலீஸ் மாத்தாக்காரர், கையில் பென்சிலோடு.

"வாங்க சார். உங்களுக்கும் கிராணிக்கும் என்ன தகராறு?"

"தகராறுன்னு ஒண்ணுமில்ல."

"சனிக்கிழமை பள்ளிக்கூட வாசல்ல 'உன்ன விடமாட்டேன்டா'ன்னு கத்தினீங்களாமே. நூறு பேரு கேட்டிருக்காங்க."

கத்தியது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை பள்ளித் திடலில் ஒரு தீ எரிந்தது. பிள்ளைகளின் பைகளைச் சோதித்துப் பிடித்த காமிக்ஸ் புத்தகங்கள் அத்தனையும் அதில் போயின. முகமூடி போட்டவன், வானத்தில் பறப்பவன், ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்துபவன்... எல்லாரும் சாம்பல். "இது மூளையத் தின்னுற குப்பை" என்று தலைமையாசிரியர் உரை ஆற்றினார். மறுநாள் கிராணி வந்து சட்டையைப் பிடித்தார். 'என் மக பாப்பா நேத்துலேருந்து சோறு திங்கல, நீயெல்லாம் மனுசனா?'

"கோவத்துல சொன்னது சார்."

"சரி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"தாப்பா. சித்தப்பா வீட்டுல."

"உங்க சித்தப்பாவ காலையிலயே பாத்துட்டோம். தீபாவளிக்கு வந்த ஆளுதான், பொறவு எட்டியே பாக்கலன்னு கொறப்பட்டாரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஸ்டோர் காவலாளி மாயாண்டி முன்னால் வந்தான்.

"சார், நான் கண்ணால பாத்தேன்லா. வெள்ளச் சட்ட, கறுப்புக் குட. நம்ம பெரிய வாத்தியாரு நடைதான். கோயிலுக்குப் பின்னாடி போனாரு."

"பொய்."

"அப்ப எங்க போனீங்கன்னு சொல்லுங்க சார்" என்றார் ஜெயபாலன் பொறுமையாக. "கிராணி செத்துட்டா இது கொலை. தூக்கு."

தூக்கு...

உடையப்பன் முத்தம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன்னிடம் படித்த பிள்ளைகளைப் பார்த்தார். பாப்பாவும் நின்றாள், அழுது வீங்கிய கண்களோடு.

சொல்லிவிடலாம். சொன்னால் உயிர் பிழைக்கும்.

பிழைத்து என்ன செய்வது?

*

ஈப்போ பஸ் நிலையத்துக்குப் பின்னால் லியாகத் அலியின் கடை. முன்பக்கம் வாசனை எண்ணெய், வாராந்தரிகள். வெளியே நடைபாதை பெஞ்சில் பொடியன்கள் வாடகைக்கு எடுத்த காமிக்ஸைக் கூச்சமில்லாமல் படிப்பார்கள். கூச்சப்படுகிறவர்களுக்குத்தான் பின்கட்டு. அங்கே சாரோங் துணியைத் திரையாகக் கட்டி, பெஞ்சு பெஞ்சாகப் பிரித்திருந்தார் பாய். வக்கீல் வருவார், கோயில் தலைவர் வருவார். செருப்பையெல்லாம் பாயே எடுத்து மறைத்து வைப்பார். எழுந்து போகிறவர் ஒருதரம் இருமவேண்டும். மற்றவர்கள் முகத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளவேண்டும்.

"உள்ள யாரு வந்தாங்கன்னு யாராச்சும் கேட்டா எனக்குக் கண்ணு தெரியாது சார்" என்பார் லியாகத் அலி.

எட்டு வருஷமாக, மாதத்துக்கு ஒரு ஞாயிறு, உடையப்பன் அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து செம்பருந்து படித்தார். பகலில் எல்லாரிடமும் திட்டு வாங்கும் தபால்காரன், சிவப்புச் சிறகு கட்டினால் மலையைத் தூக்குவான். மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும்.

போன ஞாயிறும் அங்கேதான். பக்கத்துத் திரைக்குக் கீழே ஒரு வெறுங்கால் தெரிந்தது. கட்டைவிரலில் நகம் இல்லை. அடுத்த விரல் அதன்மேல் ஏறிக் கிடந்தது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கிசுகிசுப்பு.

"அண்ணே... இதுல கடேசிப் பக்கத்த எலி தின்னுடுச்சுண்ணே. செம்பருந்து செத்துட்டானா?"

குரல் நடுங்கியது. பாவமாக இருந்தது உடையப்பனுக்கு.

"சாகல தம்பி. சிறகுதான் எரிஞ்சுச்சு. அடுத்த புத்தகத்துல வாரான்."

"அப்பாடா."

கடையில் இருந்த ஒரே பிரதியில் இல்லாத அந்தப் பக்கம் அவருக்கு எப்படித் தெரியும்?

அதுதான் தூக்கைவிடப் பெரிய வெட்கம்.

*

"இன்னும் யோசிக்கிறீங்களா சார்? ஜீப்புல ஏறுங்க, ஸ்டேஷன்ல யோசிக்கலாம்."

மாத்தாக்காரர் எடுத்த விலங்கைப் பார்த்ததும் உடையப்பனின் குரல் தானாகக் கிளம்பியது.

"ஈப்போவுல... லியாகத் அலி கடையில இருந்தேன்."

"என்ன வாங்க?"

"வாங்கல. படிச்சேன்."

"என்ன படிச்சீங்க?"

கூட்டம் ஓரடி நெருங்கி வந்தது.

"செம்பருந்து."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். பின்னாலிருந்த பெண்கள், ஆண்கள், கடைசியில் பூசாரிகூட.

உடையப்பன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை எரிச்சேனே, அதுல ஒண்ணு நான் படிக்காத செம்பருந்து, கடேசிப் பக்கமெல்லாம் முழுசா இருந்துச்சு. அத மட்டும் சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டேன். பாப்பா, அது உன்னோடதும்மா. என் டிரங்குப் பெட்டியில இருக்கு."

சிரிப்பு நின்றது. பாப்பா அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சிரிப்பே தேவலை.

"பக்கத்துத் திரையில ஒருத்தரு இருந்தாரு சார். செம்பருந்து செத்துட்டானான்னு என்னைக் கேட்டாரு. நான் பதில் சொன்னேன். அவரக் கண்டுபிடிங்க, சாட்சி சொல்லுவாரு."

ஜெயபாலன் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். நிறைய நேரம் குடித்தார்.

"ஆளு யாரு?"

"முகம் பாக்கல."

"ரொம்ப வசதி. போயி அந்தக் கடைக்காரரக் கூட்டிட்டு வா."

*

சாயங்காலம் லியாகத் அலி ஜீப்பிலிருந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். கைகட்டி நிற்கும் உடையப்பனைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தவர் ஒரு கணம் திகைத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"பாய், இவரு ஞாயித்துக்கிழமை உங்க கடைக்கு வந்தாரா?"

"யாரு, பெரிய வாத்தியாரா? என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க. அவரு எப்பேர்ப்பட்ட மனுசன். எங்கட கடைக்கெல்லாம் வருவாரா?"

"பாய்" என்று அலறினார் உடையப்பன். "நானே சொல்லிட்டேன் பாய். நீங்களும் சொல்லிடுங்க!"

லியாகத் அலி அவரை அன்போடு பார்த்தார். உங்கள் மானம் என் கையில், கவலைப்படாதீர்கள் என்று சொல்லும் பார்வை.

"சாருக்கு மனசு சரியில்ல போல. என் கடையில பின்கட்டே இல்லைங்க."

பின்கட்டைப் பற்றி யாருமே கேட்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அவ்வளவுதான். விலங்கப் போடு."

அப்போதுதான் தோட்டத்து ஆபீஸில் டெலிபோன் அடித்தது.

மாத்தாக்காரர் திடலைக் கடந்து ஓடினார். திரும்பி வரும்போது இன்னும் வேகமாக ஓடிவந்தார்.

"சார்... ஆஸ்பத்திரியிலேருந்து! கிராணி கண்ணு முழிச்சிட்டாரு. ஸ்டோர்லேருந்து ஒட்டுப்பால் ரப்பர் மூட்டையத் திருடி பீடோர் டவுன்ல விக்கப் போனவனக் கையும் களவுமாப் பிடிச்சாராம். அவன்தான் கட்டையால அடிச்சானாம்."

"யாரு?"

"மாயாண்டி."

எல்லாரும் திரும்பினார்கள். மாயாண்டி நின்ற இடம் காலி. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடியவனை பால்வெட்டுக்காரர்கள் நாலு பேர் துரத்தி, வாய்க்காலில் அமுக்கினார்கள்.

உடையப்பன் பிழைத்துவிட்டார்.

சாயங்காலம்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மானமும் பிழைத்திருக்கும்.

முத்தம்மா பக்கத்தில் வந்தாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பொம்பள இல்லையா அப்ப?"

"இல்ல."

"இதுக்கு நீங்க ஒரு பொம்பளையவே வச்சிருக்கலாம்ங்க. நாலு பேருகிட்ட சொல்லி அழவாச்சும் முடியும்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஜெயபாலன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். உடையப்பனின் தோளில் தட்டினார். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் பேசினார்.

"தப்பிச்சீங்க வாத்தியாரே. ஆனா ஒண்ணு. இந்த வயசுல, இந்தப் பதவியில, செறகு கட்டிப் பறக்குறவன் கதையெல்லாம்... வெக்கமா இல்ல உங்களுக்கு?"

வெட்கமாகத்தான் இருந்தது. இந்த ஒரு நாள் முழுவதும் தலை நிமிர்ந்தே நின்ற உடையப்பன் முதன்முறையாகத் தலையைக் குனிந்தார்.

தரையைப் பார்த்தார்.

தனக்கு எதிரே இருந்த இரண்டு வெறுங்கால்களைப் பார்த்தார்.

இடதுகால் கட்டைவிரலில் நகம் இல்லை. அடுத்த விரல் அதன்மேல் ஏறிக் கிடந்தது.

அந்தக் கால் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

உடையப்பன் தலையை நிமிர்த்தினார். கிசுகிசுப்பாக, திரைக்கு அந்தப் பக்கம் பேசுகிற அதே குரலில் கேட்டார்.

"தம்பி... செம்பருந்து சாகலன்னு ஞாயித்துக்கிழமை உங்களுக்கு யாரு சொன்னா?"