பாலாற்று எஞ்சின்

எண்ணெய் வடிக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும், எண்ணெய்க்கு முன்னால் மறுபடி தண்ணீர்தான் வந்தது.

பழுப்புத் தண்ணீர். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த சுதர்ஷனின் முழங்கை வழியாக வழிந்து அக்குள்வரை இறங்கி, பாசியும் அழுகிய இலையும் கலந்த வாடையைச் சட்டைக்குள் விட்டது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வாயைத் துடைத்தான். வாயிலும் மணல். இந்த எஞ்சினை அவனே பிரித்தான். லேத்தில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் போட்டு, ஒவ்வொரு துளையையும் டீசலில் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, தன் கையாலேயே மூடினான். ரேடியேட்டருக்கு இன்னும் தண்ணீரே ஊற்றவில்லை. பிறகு இது எங்கிருந்து வருகிறது?

"ஏன்னா, அந்த ஸ்பேனர்ல குங்குமம் இருக்கே!"

வாசற்படியில் ஹம்ஸா நின்றாள். ஆயுத பூஜை. காலையில் அவனுடைய ஸ்பேனர்களையெல்லாம் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி முன்னால் அடுக்கியிருந்தாள். நாளை விஜயதசமிவரை அவற்றைத் தொடக்கூடாது. அவன் கேட்காமல் எடுத்து வந்துவிட்டான்.

"பூஜைல வச்சதை எடுக்கப்படாதுன்னு சொன்னேன் இல்லையா? நாளைக்குப் பண்ணினா கொறஞ்சா போயிடும்?"

"கொறையும். அவன் இன்னிக்கு வரான்."

"தம்பிதானே வரான்? எமனா வரான்?"

"அவன் உள்ள நுழையறச்சே இந்த வண்டி ஓடணும். அவ்ளோதான்."

"சரி, கத்தாதேங்கோ. ஷ்ரேயா பின் சீட்டுல தூங்கறா. அப்பாவுக்கு ஹெல்ப் பண்றேன்னு வந்தது, அப்படியே படுத்துடுத்து." அவள் குனிந்து நான்கு டயர்களுக்கும் முன்னால் ஒவ்வொன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள். "ஸ்டார்ட் ஆனா கூப்பிடுங்கோ. ஆரத்தி எடுத்துட்டுத்தான் நகத்தணும்."

அவள் உள்ளே போனாள். போர்டிகோ கூரைக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. தசரா விளக்கு பார்க்கப் போகிற கூட்டத்தின் ஹாரன் சத்தம் பெரிய ரோட்டிலிருந்து வந்து, மழையில் நனைந்து மங்கியது.

கோபம் அடங்காமலேயே புது எண்ணெயை ஊற்றினான். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பணத்தில் அப்பா வாங்கிய அம்பாசடர் இது. சாமராஜநகருக்கு ஒரு நாள் எடுத்துப் போன தம்பி குருபிரசாத், வண்டி கொதித்து நின்றபோது ஆறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்றினான். எஞ்சின் பிளாக் வெடித்தது. வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். அண்ணனுக்கு ஒரு போன்கூட இல்லை. போலீஸ்காரர் கூப்பிட்டுச் சொல்லித்தான் தெரிந்தது.

மாற்று எஞ்சின் கௌதள்ளி என்ற மலையடி ஊரில் கிடைத்தது. பழைய கார்களை உடைத்து விற்கிற சித்தையன், பாலாற்றில் விழுந்த ஒரு அம்பாசடரிலிருந்து கழற்றி வைத்திருந்தான்.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ஒண்ணு, சொல்லாம விக்கக்கூடாது. வண்டிதான் கெடச்சுது. ஓட்டுனவன் இன்னும் கெடைக்கல. ஒரு தேங்காய ஒடச்சுட்டு மாட்டுங்க."

"எஞ்சினுக்குத்தான் காசு. கதைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டு வந்தான். தேங்காய் உடைக்கவில்லை.

பானெட்டுக்குள் தலையை விட்டு ஆக்சிலரேட்டர் ராடை மாட்டிக்கொண்டிருந்தபோது, முன்கதவு திறந்து மூடியது. வண்டி ஓட்டுநர் பக்கம் மெல்லச் சாய்ந்து அமர்ந்தது.

நிமிரவில்லை. நிமிர்ந்தாலும் தூக்கி நிற்கும் பானெட் கண்ணாடியை மறைக்கும். யார் என்று தெரியாதா என்ன?

"வந்துட்டியா துரை? பஸ்ல வந்தியா, இல்ல வேற எவன் வண்டியையாவது கொளுத்திட்டு வந்தியா?"

ராடின் முனையில் நட்டை முடுக்கினான்.

"வந்த ஆளு சும்மா உக்காராதே. ஆக்சிலரேட்டரை மிதி."

ராடு நகர்ந்தது. மெதுவாக, கடைசிவரை.

"விடு."

விட்டது.

"கிளட்ச்."

கிளட்ச் உள்ளே போனது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற தம்பியை அவன் பார்த்ததே இல்லை. அது கோபத்தை இன்னும் கிளறியது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழையில் நனைந்து வந்து அப்பாவின் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறான், ஈரம்கூடத் துடைக்காமல். பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலிருந்த விரலகல இடுக்கில், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஒரு கை தெரிந்தது. வெளுத்திருந்தது. ஊறிச் சுருங்கிய தோல். பாசி வாடை இப்போது எஞ்சினிலிருந்து வரவில்லை. உள்ளிருந்து வந்தது.

"வாயத் திற! அப்பா வண்டியைக் கொன்னுட்டு இப்பவும் ஊமையா? இதுதானே வேணும் உனக்கு? எடுத்துட்டுப் போ! உள்ள இருக்கறதையும் சேத்து எடுத்துட்டுப் போ! எனக்கு எதுவும் வேண்டாம்!"

சட்டைப்பையில் போன் அடித்தது. எண்ணெய்க் கையால் எடுத்தான்.

"அண்ணா, கோச்சுக்காதே. இன்னும் நஞ்சனகூடே தாண்டல. ஏக டிராஃபிக். மன்னிகிட்ட சொல்லிடு. அண்ணா? கேக்கறதா?"

கேட்டது.

மழை நின்றிருந்தது. கதவடியில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. சொட்டு சொட்டாக அல்ல. இழையாக.

"யாரு?" என்றான்.

எஞ்சின் கிளம்பியது.

ஒரு திணறல் இல்லை, ஒரு இருமல் இல்லை. புது எஞ்சின் அப்படிக் கிளம்பாது. அவன் கீழே பார்த்தான். பேட்டரி அவன் காலடியில் இருந்தது. தரையில். ஒயர் எதுவும் இல்லாமல்.

வீட்டுக்குள்ளிருந்து ஹம்ஸாவின் குரல் மலர்ந்து வந்தது. "ஆயிடுத்தா! இதோ கற்பூரம் எடுத்துண்டு வரேன். கொழந்தையை எழுப்புங்கோ!"

குழந்தை.

பின் சீட்.

உள்ள இருக்கறதையும் சேத்து.

"ஷ்ரேயா!" என்று பக்கவாட்டில் பாய்ந்தான். வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. பம்பர் அவன் முழங்கால்களைச் சுவரோடு வைத்து அழுத்தியது. நான்கு எலுமிச்சம்பழங்களும் ஒரே நேரத்தில் நசுங்கின. பூஜை முடிந்தது.

பிறகு வண்டி பின்னால் போனது. அவசரமே இல்லாமல். தம்பிக்காகத் திறந்து வைத்த கேட் வழியாக. பானெட் தூக்கியபடியே.

அவன் விழுந்து, எழுந்து, நொண்டிக்கொண்டு ஓடினான். தெருவில் வண்டி திரும்பியது. தெருவிளக்கின் வெளிச்சம் வண்டியின் பக்கவாட்டில் விழுந்தது.

எல்லாக் கண்ணாடிகளும் ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே கூரைவரை பழுப்புத் தண்ணீர் நின்றது. அதில் இலைகள் மெல்லச் சுற்றின. பின் கண்ணாடியில், உள்பக்கமிருந்து, ஒரு சின்ன உள்ளங்கை ஒட்டியிருந்தது. தட்டியது. மறுபடி தட்டியது.

முன் சீட்டிலிருந்து வெளுத்த கை ஒன்று நீண்டு வந்து, அந்தச் சின்னக் கையை மெல்ல மூடிக்கொண்டது.