தலைகீழ் கிளாப்

திங்கட்கிழமை காலை, படத்தின் முதல் காட்சியைக் காணவில்லை.

ஏற்காட்டில் சினிமா படிக்கும் மாணவர்கள் எடுத்த நகைச்சுவைக் குறும்படம் அது. மறுநாள் சேலத்தில் திரையிட வேண்டும். இயக்குநர் சுஹைல், ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் மிளகு விற்கும் குடும்பத்துப் பிள்ளை. முதல் காட்சியைக் கடைசியில்தான் வெட்டித் தொகுப்பேன் என்று பிடிவாதமாக விட்டு வைத்திருந்தான். இப்போது ஹார்டு டிஸ்க்கில் அது இல்லை. மெமரி கார்டை எப்போதோ அழித்து வேறு படப்பிடிப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. மைக்கைக் கேமராவிலேயே சொருகியிருந்ததால் குரல்கூட மிஞ்சவில்லை.

அந்தக் காட்சியில் நடித்தவர் கரடியூர் விவசாயி அம்மாசி. எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு, வாயில் வந்ததைப் பேசி மொத்தக் குழுவையும் சிரிக்க வைத்த மனிதர். போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். திரும்ப எடுக்க ஆள் இல்லை.

"மேனகாதாங்க அழிச்சிருக்கா, மேடம்," என்றான் சுஹைல், ஆசிரியை ஹசீனாவிடம். அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மேனகா அம்மாசியின் மகள், அவனுடைய வகுப்புத் தோழி. படப்பிடிப்பிலிருந்து திரும்பிய சென்னைப் பையன்கள் அவள் அப்பா 'ரொம்ப'வை 'நொம்ப' என்றும் 'வீட்டை' 'ஊட்டை' என்றும் பேசியதைச் சொல்லிச் சொல்லி அவளை ஓட்டியிருந்தார்கள். காட்சியையே நீக்கிவிடச் சொல்லி அவள் சுஹைலிடம் சண்டை போட்டது ஊரறிந்தது. வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் டிஸ்க்கை எடுத்துப் போனதும் அவள்தான். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் வேறு விளக்கம் வராவிட்டால் அவளைக் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

படங்களின் ஆரம்பக் காட்சிகளை அலசும் பாடத்தை நடத்துபவர் ஹசீனா. பொறுமைக்கும் அவருக்கும் தூரம். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த சுஹைலை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கேமராமேன் செபாஸ்டினைக் கூப்பிட்டார்.

"டிஸ்க்குல வேற என்ன காணோம்?"

"லென்ஸை சோதிக்க பனிமூட்டத்தை எடுத்தது, கேமராவை நிறுத்த மறந்து தரையை எடுத்தது. எல்லாம் குப்பைங்க மேடம். கிளாப் பலகை அடிக்காததுங்க."

"கோபத்துல அழிக்கிறவ குப்பையை ஏன் அழிக்கணும்?"

பதிலுக்குக் காத்திராமல் ஹசீனா அடுத்ததைக் கேட்டார்.

"அம்மாசி காட்சிக்குக் கிளாப் அடிச்சியா?"

"அடிச்சேங்க, ஆனா கடைசியில. ஒத்திகையில அடிச்சப்ப சத்தத்துக்கு அவரு மிரண்டு போயிட்டாருங்க. அதனால பேசி முடிச்சப்புறம் பலகையைத் தலைகீழாப் புடிச்சு அடிச்சேன்."

இது எந்தக் காட்சி என்று காட்ட ஆரம்பத்தில் அடிக்கும் கிளாப்பை, அது முடியாதபோது முடிவில் தலைகீழாக அடிப்பது படக்காரர்கள் வழக்கம். ஹசீனா பெருமூச்சு விட்டார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, புரிந்ததில் துளி சந்தோஷமும் இல்லை.

அவர் கூப்பிட்டு அனுப்ப, சுஹைலும் மேனகாவும் உள்ளே வந்தார்கள்.

"சுஹைல், உன் படத்தோட முதல் பிரேம்ல என்ன இருக்கும்?"

இந்த நிலையிலும் அவன் முகம் மலர்ந்தது. "வெறும் மூட்டங்க மேடம். ஆளே இருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள இருந்து ஒரு குரல்..."

"வியாழக்கிழமை டிஸ்க்குல இடம் பத்தலைன்னு சுத்தம் பண்ணது யாரு?"

"நான்தாங்க."

"எல்லாத்தையும் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்தியா?"

"ஆரம்பத்தை மட்டும் பாத்தேங்க. கிளாப் இருந்ததை வெச்சுக்கிட்டேன்."

ஹசீனா குரலை உயர்த்தவில்லை. ஆரம்பத்தில் கிளாப் இல்லை, ஆளும் இல்லை, திரை முழுக்க வெள்ளை மூட்டம். லென்ஸ் சோதனையும் அப்படித்தான் இருந்தது, அவன் ஆசை ஆசையாக யோசித்து வைத்த முதல் காட்சியும் அப்படித்தான் இருந்தது என்று விளக்கினார். காலியான இடத்தில் புதிதாகப் பதிவும் செய்துவிட்டார்கள், இனி மீட்க வழியில்லை.

"மேனகா டிஸ்க்கைத் தொடறதுக்கு முந்தின நாளே அழிச்சது நீதான், சுஹைல்."

மேனகா அப்போதுதான் பேசினாள்.

"அப்பாவைப் பாக்கணும்னுதாங்க மேடம் எடுத்துட்டுப் போனேன். தேடித் தேடிப் பாத்தேன், இல்லை. நான் சண்டை போட்டதாலதான் வெட்டி எறிஞ்சுட்டாங்கன்னு நெனச்சேன். அதை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறதுங்க?"

சுஹைல் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. படப்பிடிப்பு நடந்த அன்று வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டை விட்டே வெளியே வராதவள் அவள்.

"எங்கப்பா என்ன பேசுனாரு? அதை மட்டும் அப்படியே சொல்லு."

யார் யாரோ எடுத்த படங்களின் ஆரம்பங்களை ஒரு பிரேம் விடாமல் ஒப்பிக்கிறவன் சுஹைல். செபாஸ்டினைத் திரும்பிப் பார்த்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம், மேனகா."

"எதுக்கு?"

அது அவனுக்கு ஞாபகம் இல்லை.