பார்ப்பவருக்கு விட்ட இடம்

கீழே பொருள்சீட்டு ஒட்டாத ஓவியத்தை இப்போதெல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. கருத்தறி கருவியை முன்னால் நீட்டினால் போதும். வண்ணப் படலங்களை ஊடுருவி, தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது என்று அளந்து, வரைந்தவர் மனதில் இருந்ததைச் சீட்டாக அச்சடித்துவிடும். மஞ்சள், வெயில். நீலத் திட்டு, ஏரி. ஜனங்கள் சீட்டைப் படித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அந்தக் கருவியைச் செய்த அறவாழியின் வீட்டுக் கூடத்தில் மட்டும் சீட்டில்லாத ஓவியம் ஒன்று பதினோரு வருடமாகத் தொங்கியது. மனைவி பூங்கோதை வரைந்தது. மஞ்சள் சமவெளி, சாய்ந்த மூன்று நீலப் பட்டைகள், ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கறுப்பு வடிவம். அது என்னவாகத் தெரிகிறது என்று அவள் கேட்கும்போதெல்லாம், அப்புறம் சொல்கிறேன் என்று தட்டிக்கழித்தான். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். ஊருக்கே சரியான விடை கொடுத்தவன் அல்லவா.

போன மாதம் அவள் திருச்சிக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த வாரம் போனில் கெடு வைத்தாள். அந்தக் கறுப்பு என்னவென்று அவனே பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் திரும்பி வருவாளாம். இல்லையென்றால் அங்கேயே தனியாக வீடு பார்த்துக்கொள்வாளாம். கருவியை மட்டும் நீட்டிப் பார்க்கக் கூடாதாம்.

நான்கு நாள் படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அவனுக்கு அது பாதி திறந்த கதவாகத் தெரிந்தது. வெயிலில் நடந்து வருபவருக்காக யாரோ திறந்து வைத்த கதவு. போனைக் கையில் எடுத்தான். ஒருவேளை மரமாக இருந்துவிட்டால்? சரிபார்த்துவிட்டுச் சொன்னால் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கருவியை நீட்டினான்.

சீட்டு வந்தது. 'கறுப்பு வடிவம்: வரைந்தவர் எதையும் நினைக்கவில்லை. பார்ப்பவர் நிரப்ப விட்ட இடம். எந்த விடையும் சரி.' அதன் கீழே வழக்கமான வரி: 'இச்சீட்டின் நகல், வரைந்தவருக்கு அனுப்பப்பட்டது.' ஓவியருக்குத் தெரியாமல் அவர் மனதைப் படிக்கக் கூடாது என்று கருவிக்குள் அந்த விதியை எழுதியவனே அவன்தான். எழுதியதோடு மறந்தும் போயிருந்தான்.

போன் அடித்தது.

"எனக்கு அது கதவாத்தான் தெரிஞ்சுது, கோதை. நிஜமா. சீட்டு வர்றதுக்கு முன்னாடியே."



"இருக்கலாம்," என்றாள். "நேத்தே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். இனிமே நீங்க எதைச் சொன்னாலும் சரின்னு அந்தச் சீட்டே சொல்லிடுச்சே."

போனை வைத்தபின் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதும் கதவாகத்தான் தெரிந்தது. கேட்கத்தான் ஆளில்லை.