ரத்தக் கறையும் பச்சைத் தண்ணீரும்

பேராசிரியர் இரண்டு கட்டுரைகளையும் மேசைமேல் போட்டார். அவர் முகம் சிவந்திருந்தது.

"ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை, ஒரே கட்டுரை மேடம்! ஒருத்தி எழுதியிருக்கா. இன்னொருத்தி அதை ஏஐகிட்ட குடுத்து மாத்தி வாங்கியிருக்கா. என்னைக் கேட்டா கண்ணாடிக்காரிதான். ரெண்டாவதா குடுத்தது அவதான். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா."

பல்கலைக்கழகத்தின் விசாரணை அதிகாரியான அந்த அம்மாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் சல்லடை. அவர் அவசரப்படவில்லை. உடன் இருந்த இளம் விரிவுரையாளருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடிக்காரி கைப்பட எழுதிக் கொடுத்திருந்த விளக்கத்தை எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"'என்மேல் விழுந்த கரையை எப்படித் துடைப்பேன்'னு எழுதியிருக்கா. கறைக்கு எந்த எழுத்து போடணும்னே தெரியல. இவளா இந்தக் கட்டுரையை எழுதியிருப்பா?"

சல்லடை கட்டுரைகளைப் புரட்டினார். இரண்டுமே ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் பெண்களைப் பற்றியவை. கண்ணாடிக்காரியினுடையதில், 'ரத்தக் கறையைப் போக்கப் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் துணியோடு ஒட்டிக்கொள்ளும்' என்றிருந்தது. வாயாடி என்று எல்லாரும் கூப்பிடும் அறைத்தோழியினுடையதில், 'விரிப்பின் ஓரங்களை அகற்றக் குளிர்ந்த நீரே உகந்தது. வெந்நீரில் அவை துணியுடன் ஒட்டிக்கொள்ளும்' என்றிருந்தது.

"ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க."

வாயாடி நிமிர்ந்த தலையோடு வந்தாள். கண்ணாடிக்காரி சுவரோரம் நின்றாள்.

"இந்த இடத்தைச் சத்தமா படிம்மா," என்று வாயாடியிடம் அவள் கட்டுரையை நீட்டினார் சல்லடை.

அவள் கடகடவென்று ஆரம்பித்தாள். 'ஓரங்களை' என்ற இடத்தில் வேகம் குறைந்தது. பிறகு நின்றே போனது.

"ஓரத்தை எதுக்கும்மா தண்ணி ஊத்தி எடுக்கணும்?"

சல்லடை விரிவுரையாளர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சிரிச்சீங்களே, அந்தத் தப்புதான் சார் சாட்சி. மூலக் கட்டுரையிலயும் கறைக்குக் கரைன்னுதான் இருந்திருக்கணும். துணியோட ஓரத்துக்கும் கரைன்னுதானே பேரு? ஏஐ அப்படி எடுத்துக்கிச்சு. இந்தத் தப்பு யாருக்குக் கைவந்த தப்புன்னு உங்க கையில இருக்கற காகிதமே சொல்லுது."

விரிவுரையாளர் காகிதத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"பிழை பாத்துக் குடுன்னு அவகிட்டதான் குடுத்தேன்," என்றாள் கண்ணாடிக்காரி. "எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னா. நம்பிக்கை வராம, அப்புறம் நானே அகராதி பாத்துத் திருத்தினேன்."

"ஆமா மேடம், நான்தான்," என்றாள் வாயாடி. குரல் உள்ளே போயிருந்தது.

பேராசிரியர் தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஓரத்தை நானும் கவனிக்கல. ரெண்டும் ஒண்ணுன்னு மென்பொருள் காட்டுச்சு, அதோட விட்டுட்டேன்… நீ ஏன்மா அன்னிக்கே சொல்லல?" என்று கண்ணாடிக்காரியைக் கேட்டார்.

"எங்கம்மா நர்ஸுன்னு விடுதி பூரா சொல்லி வெச்சிருக்கேன் சார். அவங்க ஆஸ்பத்திரியில துணி துவைக்கறாங்க. எப்படித் தெரியும்னு நீங்க கேட்டப்ப, அதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப அப்படி வெக்கப்பட்டதுதான் பெரிய வெக்கமா இருக்கு."

வாயாடி திடுக்கிட்டுத் தலைதூக்கினாள். "எங்கிட்டயும் நர்ஸுன்னுதானேடி சொன்னே?"

"கட்டுரையோட உனக்கு அனுப்பின மெசேஜ்ல, கடைசி வரியில எழுதியிருந்தேன். இது எங்கம்மாவைப் பத்தினது, உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்னு. நீயா வந்து கேப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

வாயாடி கையிலிருந்த கட்டுரையை மேசைமேல் வைத்தாள்.

"நான் படிக்கலடி," என்றாள் வாயாடி. திருட்டை ஒப்புக்கொண்டதைவிட இதைச் சொல்ல அவளுக்கு அதிக நேரம் பிடித்தது.

வாயாடியின் கட்டுரைக்குப் பூஜ்யம் போட்டார்கள். அவள் மதியம் ஆளில்லாத வகுப்பறையில் உட்கார்ந்து, தோழி அனுப்பியதைக் கைப்பேசியில் தேடி எடுத்தாள். முதல் வரியிலிருந்து, எழுத்துக்கூட்டுகிறவள்போல மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள்.