ராஜையனுக்கு ஒரு ஒன்ஸ்மோர்

திருவனந்தபுரம் நகரவாசிகள் சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: பூலோகத்திலேயே முதன்முதலாக, ஹாஸ்ய சங்கீத நாடக ஞாபகச் சின்னங்களின் மகா காட்சிசாலை, கரமனையில் ஸ்ரீமான் அழகியநம்பிப் பிள்ளையின் வீட்டு முன்னறையில், முப்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் கோலாகலமாகத் திறக்கப்பட்டது.

நகரவாசிகள் ஒருவரும் வரவில்லை.

பிள்ளை பென்ஷன் வாங்கும் ஹெட் கிளார்க். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. நாடகக் கம்பெனிகள் கலையும்போதெல்லாம் ஏலத்தில் எடுத்த டோப்பா முடிகளும் தகரக் கிரீடங்களும் அரிதாரப் பெட்டிகளும்தான் உற்றார் உறவினர். நடுநாயகமாக, மரச்சட்டத்தில், என்றோ செத்துப்போன பபூன் ராஜையனின் ராஜா உடுப்பு, பஞ்சடைத்த தொந்தியோடு தொங்கியது. மழையீரத்தில் அந்தத் தொந்தி இன்று கொஞ்சம் உப்பியிருந்தது.

"செத்தவன் டோப்பாவப் பாக்க இந்த மழையில ஆரு வரப்போறா?" என்றாள் சமையல்காரி பகவதி, குடையை விரித்தபடி.

"ஒரு ஆளு வந்தாப் போரும், பகவதி. ஒரே ஒரு ஆளு."

"அந்த ஒரு ஆளுக்குத்தான் நாற்காலி பூரா தொடச்சு வெச்சிருக்கே. கஞ்சி மூடி வெச்சிருக்கு, குடிச்சிட்டு ஒறங்குங்கோ."

அவள் போனாள். சாயங்கால வெளிச்சம் ஓடுகளின் இடுக்கில் கசிந்து, அந்துருண்டையும் பழைய தேங்காயெண்ணெயும் பூஞ்சையும் கலந்த வாடைக்குள் கரைந்துகொண்டிருக்க, பிள்ளை கிராமபோனுக்குச் சாவி கொடுத்து ராஜையனின் பிளேட்டை வைத்தார். கொழுக்கட்டை தின்றே சாகும் ராஜாவின் கடைசிப் பாட்டு. அந்தக் காலத்தில் சபையார் 'ஒன்ஸ்மோர்' என்று கத்தினால், செத்த ராஜா எழுந்து, கும்பிட்டு, முதலிலிருந்து பாடி, மறுபடி சாக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. டிக்கெட் வாங்கியவன் வைத்ததே சட்டம்.

பிளேட் நின்றது. பழக்கதோஷத்தில் பிள்ளை, "ஒன்ஸ்மோர்" என்றார்.

பாட்டு தொடங்கியது.

கிராமபோன் குழாயிலிருந்து அல்ல, மரச்சட்டத்திலிருந்து. ஈரப்பஞ்சைப் பிழிந்தாற்போல அடிக்கு ஒரு மூச்சு வாங்கி வாங்கி. கடைசி அடியில் உடுப்பு சரிந்து தரையில் விழுந்தது. கிடந்தது.

பிள்ளை ஓடியிருக்கலாம். ஓடவில்லை. முதுகு வேர்த்தது, அதற்கும் அடியில், சொல்லவே கேவலம், கொஞ்சம் சந்தோஷம். ஒரு ஆள் வந்துவிட்டதே!

"ஒன்ஸ்மோர்."

எழுந்தது. கும்பிட்டது. பாடியது. விழுந்தது.

"ஒன்ஸ்மோர்."

இந்தத் தடவை எழுந்திருக்க நேரமாயிற்று. தலையில்லாத கழுத்து அவர் பக்கம் திரும்பியது.

"இன்னும் எத்தற வாட்டி நான் சாவணும், அண்ணாச்சி?"

பிள்ளையின் நெஞ்சுக்குள் என்னவோ அறுந்தது. விழுந்தார். கன்னத்தில் சில்லென்ற தரை. மூச்சு நின்றது, நின்றதும் தெரிந்தது. மழைச் சத்தம் இல்லை. வாடை இல்லை. அப்பாடா என்றிருந்தது.

கைதட்டல்.

ஒரு கை. பல கைகள். ஈரக் கைகள்.

நாற்காலிகள் நிறைந்திருந்தன. டோப்பாக்களுக்குக் கீழே முகங்கள். முன்வரிசையில், கால்மேல் கால் போட்டு, ராஜையன்.

"ஒன்ஸ்மோர்!"

அழகியநம்பிப் பிள்ளை எழுந்தார். கும்பிட்டார்.

அவருக்குப் பாட வராது.