எம்மிங் ஆச்சா?

மூன்று வருஷம் கழித்து அக்கா வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாள் தையல்காரி. கதவைத் திறந்த அக்கா மகள் அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வாங்க சித்தி! வரவே மாட்டீங்கன்னு நினைச்சேன். என் நாடகத்துக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு, பாவாடை தைக்கணுமே."

கூடத்தில் அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "சாப்டியாம்மா?" என்றார். இவள்மேல் கோபப்பட அவருக்குக் காரணம் தெரியாது. அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

அக்காவின் தையல் அறை மாடியில். பதினான்கு மரப்படிகளையும் பார்த்துப் பார்த்து ஏறினாள். அடைத்துக் கிடந்த அறையில் மெஷின் எண்ணெயும் சாக்குக்கட்டித் தூளும் மணத்தன. மேஜைமேல் அக்காவின் பழைய உறை, உள்ளே துணி வெட்டும் அளவுக் காகிதங்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய பாவாடை பேட்டர்னை அப்படியே மறுபடி அச்சடித்து விற்கிறார்கள். அக்காவுக்கு அதில் பைத்தியம். ஏழு துண்டுகள், தரையைக் கூட்டும் நீளம், பின்பக்கம் மட்டும் கொத்தாகக் கொசுவம். காகித ஓரத்தில் அக்காவின் பென்சில் எழுத்து: 'முன்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கு. கால் தடுக்கும்.'

அக்கா எப்போதும் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டேதான் பேசுவாள். தைத்து முடித்ததைத் தானே உடுத்திப் பார்ப்பாள். "படியில இறங்கினாத்தான் பாவாடையோட குணம் தெரியும்" என்பாள். தங்கையோ நேர் எதிர். அடுப்பே பற்ற வைக்காமல் சமையல் ஆச்சு என்பாள். நூலே கோக்காமல் தையல் ஆச்சு என்பாள். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே 'ஆச்சு'தான்.

மூன்று வருஷம் முன்பு அந்த மதியமும் அக்கா கேட்டாள், "எம்மிங் ஆச்சா?"

"ஆச்சு."

ஆகவில்லை. கீழோரத்தை மடித்துத் தைக்காமல், முன்மடிப்பைப் பன்னிரண்டு நீலத்தலைக் குண்டூசிகளால் குத்தி வைத்ததோடு சரி. அப்புறம் தைக்கலாம் என்று போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா உடுத்திக்கொண்டு படியிறங்கினாள். நான்காவது படியில் மடிப்பு அவிழ்ந்து காலைத் தடுக்கியது.

ஆஸ்பத்திரியில் அக்காவின் துணிகளை ஒரு பையில் போட்டு இவளிடம் கொடுத்தார்கள். இவள் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டு, ஊசிகளை உருவி எறிந்துவிட்டு, கைப்பையிலிருந்த நூலை எடுத்து எம்மிங் போட்டாள். பதினொரு ஊசிகள்தான் இருந்தன. அக்கா அப்போது உயிரோடுதான் இருந்தாள்.

அவசரக்காரி, கீழே பார்த்து நடக்க மாட்டாள் என்று எல்லோரும் செத்தவளைச் சொன்னார்கள். இவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்து மூன்று வருஷமாகத் தூக்கமில்லை.

இப்போது அதே பேட்டர்னில் அக்கா மகளுக்குப் பாவாடை. வெட்டவும் மூட்டவும் இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் மதியம் எம்மிங். எள்ளளவு தையலாக, பாவத்தைக் கழுவுகிறவள் மாதிரி, சுற்று முழுக்கத் தைத்து நூலைக் கடித்தாள்.

படிப்பக்கமிருந்து குரல் வந்தது.

"எம்மிங் ஆச்சா?"

"ஆச்சு" என்றது வாய், பழக்க தோஷத்தில்.

பிறகுதான் உறைத்தது. அந்தக் குரல் குழறியது, உதட்டில் எதையோ கவ்விக்கொண்டு பேசுவது போல.

எட்டிப் பார்த்தாள். படியில் யாருமில்லை.

திரும்பினாள். பாவாடையின் முன்மடிப்பில் ஒரு தையல்கூட இல்லை. நீலத்தலைக் குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. இவள் கொண்டுவந்தவை எல்லாம் வெள்ளை.

எண்ணினாள். பதினொன்று.

குளியலறைக்கு ஓடி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தபோது மேஜை காலியாக இருந்தது.

படியின் உச்சியில் அக்கா மகள், அந்தப் பாவாடையோடு. ஒரு கால் ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது.

"நில்லு! இறங்காதே!"

"ஏன் சித்தி? நல்லாத்தானே இருக்கு."

ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"ஊசிதான் குத்தியிருக்கு, தைக்கல. அன்னிக்கும் ஊசிதான் குத்தியிருந்தேன். உங்கம்மா கேட்டா. ஆச்சுன்னு சொல்லிட்டேன்டி. ஆகல. அப்புறம் ஆஸ்பத்திரியில வச்சு, யாருக்கும் தெரியாம நான்தான் தைச்சேன்."

சத்தம் கேட்டு வந்த அத்தான் படியடியில் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி கீழ்ப்படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"மூணு வருஷமா அவளைத்தானே திட்டிட்டு இருந்தேன்" என்றார். இவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அக்கா மகள் குனிந்து பாவாடை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். "தைச்சுத்தானே இருக்கு சித்தி?"

தைத்துத்தான் இருந்தது. எள்ளளவு தையல், சுற்று முழுக்க. ஓர் ஊசிகூட இல்லை.

அப்போது பின்னாலிருந்த காலி அறையிலிருந்து, மிக மெதுவாக:

"ஆச்சா?"

இந்த முறை மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தையல்காரி அறைப் பக்கம் திரும்பினாள். "இப்போ ஆச்சுக்கா" என்றாள். அந்தச் சொல்லை அவள் அக்காவிடம் உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அறைக்குள் ஏதோ சின்னதாக விழுந்தது. மரத்தரையில் உருண்டு, வாசலைத் தாண்டி, இவள் காலடியில் வந்து நின்றது.

நீலத்தலைக் குண்டூசி. பன்னிரண்டாவது.

எடுத்தாள். இப்போதுதான் யாரோ உதட்டிலிருந்து விட்டது போல, அது வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது.